டைனமோ வண்டிக்கு ஒரு பேட்டரி

இல்ல தம்பி, அது வேணாம். அதுல பிளஸ் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. அதை வச்சா கேபிள் எட்டாது. இழுத்துப் பிடிச்சு மாட்டினா நாலு குலுக்கல்ல கழண்டுக்கும். உயரமும் ஆகாது. பழைய வண்டி இல்லையா, பானெட்டு தணிவா இறங்கும். உயரமான பேட்டரி வச்சு மூடினா தகரம் போய் முனையில இடிக்கும். இடிச்சா என்ன ஆகும்னு பேட்டரி கடைக்காரருக்கு நான் சொல்லணுமா.

அளவா? எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். இந்தாங்க நூலு. முதல் முடிச்சு வரைக்கும் அகலம், ரெண்டாவது முடிச்சு வரைக்கும் நீளம். இதுக்கு மேல ஒரு விரக்கடை போனாலும் தட்டுல உக்காராது.

சீல் வச்சதும் வேணாம். தண்ணியே ஊத்த வேண்டாம்னு சொல்றது புது வண்டிக்குச் சரி. இதுல டைனமோ. மெதுவாப் போனா சார்ஜே ஏறாது, விரட்டினா பொங்கப் பொங்க ஏத்தும். அப்பப்ப மூடியைத் திறந்து பாத்துத் தண்ணி ஊத்தினாத்தான் பிழைக்கும்.

வீட்டுக்காரர் வரலையான்னு கேக்கறீங்களா. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. இனி வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாசக்கணக்கா ஷெட்டுலயே நின்னதுல பேட்டரி செத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை பையன் வந்து வண்டிய எடுத்துட்டுப் போறதா ஏற்பாடு. அப்பாவும் பிள்ளையும் பேசி முடிச்சுட்டாங்க, என்னைய ஒரு வார்த்தை கேக்கல. ஏதோ ஒரு பேட்டரிய வாங்கிட்டு வா, வண்டி அவன் வீடு போய்ச் சேர்ந்தா போதும்னு அனுப்பியிருக்காரு.

எனக்கு அது போதாது. நல்லதாக் குடுங்க, நாள்பட உழைக்கற மாதிரி.

ஆங், இது சரி. நூலை வச்சுப் பாருங்க. பாத்தீங்களா, அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆசிட் ஊத்தி சார்ஜ் ஏத்தணுமா? ஏத்துங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, உக்காந்துக்கறேன்.

வண்டி அவருதுன்னா நினைச்சீங்க? என்னுது. எங்கப்பா எனக்குக் குடுத்தது. அப்பா பாலம் கட்டற கான்ட்ராக்டர். ஒரே நேரத்துல நாலு இடத்துல வேலை நடக்கும், டிரைவர் வச்சா நிக்க மாட்டான், அப்பா வாய் அப்படி. கடைசியில என் கையிலயே சாவியக் குடுத்துட்டாரு. மண் ரோடு, சேறு, ஆத்து மணல் எல்லாத்துலயும் ஓட்டியிருக்கேன். டயர் புதைஞ்சா பலகை போட்டு ஏத்துவேன். அப்பா இறங்கி நின்னு வேடிக்கை பாப்பாரு, உதவி பண்ண மாட்டாரு. எனக்குக் கல்யாணம் ஆனப்ப, அவர் ஜீப் வாங்கிட்டு, இதை என் பேருக்கு மாத்திக் குடுத்துட்டாரு.

கல்யாணமான புதுசுல நான்தான் ஓட்டினேன். இவரைக் காலையில ஆபீஸ்ல இறக்கி விட்டுட்டு வருவேன். ஒரு நாள் வாசல்ல நின்ன அவரோட மேலதிகாரி பாத்துட்டு, பரவாயில்லையே, சம்பளமில்லாத டிரைவர் கிடைச்சிருக்காங்களேன்னு சிரிச்சாரு. இவரும் சிரிச்சாரு. நானும்தான் சிரிச்சேன். சாயங்காலம் கூப்பிடப் போனா, நடந்தே வந்துக்கறேன், நீ போன்னுட்டாரு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே வண்டி என்கிட்ட மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. லைட்டு எரியும், ஹாரன் அடிக்கும், சாவியத் திருப்பினா மட்டும் ஒரு முனகல்கூட வராது. பேட்டரில உயிர் இருக்குன்னு தெரியுது, அப்புறம் ஏன் இழுக்கலன்னு புரியல. முனையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன், ஒயரு ஒயராத் தடவிப் பாத்தேன். சாயங்காலம் அவர் வருவாரு, உக்காருவாரு, சாவியத் திருப்புவாரு. பூனைக்குட்டி மாதிரி கிளம்பும்.

ஒரு தடவை ரெண்டு தடவைன்னா தற்செயல்னு விடலாம். எப்பவுமே அப்படின்னா? அவரோட மெக்கானிக்கும் வந்து பாத்துட்டு, ஒரு குறையும் இல்லம்மா, சில வண்டிக்குப் பழகின கை வேணும்னுட்டாரு. பழகின கை. இதை ஆத்து மணல்ல ஓட்டின என்கிட்ட சொல்றாரு.

அப்புறம் அது வீட்டுல ஒரு கதையாவே ஆயிப்போச்சு. யாராவது விருந்தாளி வந்தாப் போதும், இவ கை பட்டா வண்டி படுத்துக்கும்னு ஆரம்பிச்சுடுவாரு. சாவிய என் கையில குடுத்து, எங்க, திருப்பிக் காட்டுன்னு சொல்லுவாரு. நான் திருப்புவேன், ஒண்ணும் ஆகாது. அவர் திருப்புவாரு, கிளம்பும். எல்லாரும் சிரிப்பாங்க. பையன் வளர்ந்தப்புறம் அவனும் சேர்ந்துக்கிட்டான். நம்பிட்டேன் தம்பி. படிச்சவதான், இருந்தாலும் எனக்கு ராசியில்லாத கைன்னு நானே நம்பிட்டேன். செடி நட்டு அது பட்டுப்போனாக்கூட என் கையத்தான் பாத்துக்குவேன்.

லைசென்ஸா? இருக்கு. ஒரு தடவைகூட விடாம புதுப்பிச்சுட்டு வர்றேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது.

அதுகூடப் போகட்டும். பையன் குழந்தையா இருந்தப்ப ஒரு நாள் மத்தியானம், என் தங்கச்சி தகவல் அனுப்பியிருந்தா. அப்பா வேலை நடக்கற இடத்துல சாரத்துலேர்ந்து விழுந்துட்டாரு, ஆஸ்பத்திரியில நினைவோட இருக்காரு, உன்னைத்தான் கேக்கறாரு, உடனே வான்னு. அவங்க ஊரு ரெண்டு மணி நேரம்தான். எங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்து சாயங்காலம்தான் பஸ்ஸு. குழந்தையத் தூக்கிப் பின் சீட்டுல போட்டுட்டு வண்டில உக்காந்தேன். சாவியத் திருப்பறேன், திருப்பறேன், அது பாட்டுக்குக் கல்லு மாதிரி நிக்குது. வேண்டாத தெய்வம் இல்ல. குழந்தை பின்னாடி அழறான், நான் முன்னாடி அழறேன். ஒரு கட்டத்துல டாஷ்போர்டைக் கையால அடிச்சேன், தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு.

இவர் ஆபீஸ் முடிஞ்சு வந்துதான் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. வாசல்ல ஒவ்வொரு வண்டிச் சத்தம் கேக்கறப்பவும், அவ வந்துட்டாளான்னு அப்பா கேட்டிருக்காரு. தங்கச்சி என்னைப் பாத்துச் சொன்னது ஒண்ணே ஒண்ணு. அப்பா கார் குடுத்தது உனக்குத்தானே, உன்னால வர முடியலையான்னா. வண்டி கிளம்பலடின்னேன். வாசல்ல நிக்கற வண்டியப் பாத்தா, என்னையப் பாத்தா. அதுக்கப்புறம் அவ என்கிட்ட பேசறதெல்லாம், சாப்பிட்டியா, போயிட்டு வரேன், அவ்வளவுதான்.

கண்ணைத் துடைச்சுக்கறேன்னு பாக்காதீங்க. உங்க ஆசிட் நெடிதான்.

நேத்து என்ன ஆச்சுன்னா, பையன் போன் பண்ணினான். பேட்டரி வாங்கிட்டீங்களாம்மான்னான். நாளைக்குப் போறேன்டான்னேன். வேற ஏதோ வேலையா இருந்தான் போல, யோசிக்காம சொல்லிட்டான். பேட்டரி மாட்டினதும் டிரைவர் சீட்டுக்கு அடியில இருக்கற சுவிட்சைப் போட மறந்துடாதீங்கம்மா, இல்லன்னா கிளம்பாதுன்னு.

எனக்கு முதல்ல புரியல. என்ன சுவிட்சுன்னேன். அப்புறம் பேசறேம்மான்னான். போனை வச்சுட்டு ஷெட்டுக்குப் போனேன். சீட்டுக்கு அடியில கையை விட்டேன். சின்னது தம்பி, சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். இடது பக்கம் ஓரமா, தேடாம கைக்குத் தட்டுப்படாத இடத்துல. அவர் உக்காரும்போதெல்லாம் குனிஞ்சு சீட்டைப் பின்னாடி தள்ளுவாரு. நீளக் கால், இடம் பத்தலன்னு நினைச்சிருக்கேன். இறங்கும்போதும் குனிவாரு. எனக்காக முன்னாடி தள்ளி விடறாருன்னு நினைச்சிருக்கேன்.

திருட்டுக்குப் பயந்து போட்டிருப்பாருன்னு நீங்க சொல்றீங்க. திருடனுக்குத் தெரியக் கூடாது, சரி. பொண்டாட்டிக்கு ஏன் தெரியக் கூடாது? பையனுக்குச் சொல்லியிருக்காரே. அவனைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன், உனக்கு எப்பலேர்ந்துடா தெரியும்னு. வண்டி ஓட்டக் கத்துக்கும்போதே அப்பா சொல்லிட்டாரும்மா, உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன்னான். எனக்குத் தெரியும்னு நினைச்சவன், நான் சாவியத் திருப்பித் திருப்பி அவமானப்பட்டு நின்னப்ப எதைப் பாத்துடா சிரிச்சேன்னு கேட்டேன். பழைய கதைய விடுங்கம்மா, அப்பாவுக்கு இப்ப உடம்பு சரியில்லன்னான். நான் பெத்த பிள்ளை. அன்னிக்கு அந்தப் பின் சீட்டுல கிடந்து அழுதவன்.

ஏறிடுச்சா சார்ஜு? சரி. மத்தியானம் உங்க ஆள் வந்து மாட்டும்போது, அந்தச் சுவிட்சையும் கழட்டிட்டு ஒயரை நேரா சேத்து முறுக்கி விடச் சொல்லுங்க. அதுக்குத் தனியா என்ன ஆகுமோ வாங்கிக்கங்க. பையன் வந்து எடுத்துட்டுப் போறப்ப பாத்துக்கலாமேன்னா கேக்கறீங்க? இல்ல, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டி இங்க இருக்காது. நாளைக்குக் காலையில நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். கதவைத் திறப்பாளா மாட்டாளான்னு தெரியாது. வாசல்ல நிறுத்திட்டு ஹாரன் அடிச்சுப் பாக்கறேன்.

அவர்கிட்ட கேட்டீங்களான்னா கேக்கறீங்க. இல்ல, இன்னும் கேக்கல. நேத்து ராத்திரியும் அவருக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டது நான்தான். முகத்துக்குக் கிட்ட குனிஞ்சு நிக்கறேன், வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஏன்னா கேட்டாலும் ஏதாவது ஒரு காரணம் வச்சிருப்பாரு. உன் நல்லதுக்குத்தான்னு சொல்லுவாரு, நீ வேகமா ஓட்டுவன்னு சொல்லுவாரு. எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சாச்சு.

அப்பா விழுந்த அன்னிக்கு, பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் அவர் ஆபீசுக்குப் போன் பண்ணினேன் தம்பி. அப்பா பிழைக்க மாட்டாரு போல இருக்கு, வண்டி கிளம்ப மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு கேட்டு அழுதேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, நீ பதட்டமா இருக்க, எதையும் தொடாத, நான் வந்துடறேன்னு. எவ்வளவு பதமாச் சொன்னாரு தெரியுமா. எங்களுக்குள்ள எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் குரலை நினைச்சுத்தான் நான் சமாதானமாவேன்.