ட்ரெலோரின் கம்பளிக் கோட்

கம்பளிக் கோட்டை வெந்நீரில் போடவே கூடாது, சார்ஜன்ட். சுருங்கிப்போகும். ஈயம் உருக்கும் ஆலையின் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். ஒரு துணியைக்கூட நான் கெடுத்ததில்லை.

உலைக்காரர்களின் உடுப்பு எங்கள் ஆலை வாசலைத் தாண்டாது. கழற்றிப் போட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டு உடுப்பைத் தொடலாம். ஈயத் தூசி வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் மூளையைத் தின்றுவிடும். அதிகாரிகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. போட்டுவந்த கோட்டோடு அப்படியே வீட்டுக்குப் போவார்கள்.

என் கணவர் கொராடோ உலையில் நின்றவர். ரத்தத்தில் ஈயம் கூடினால் ஆளை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அந்த வருஷம் ஆள் பற்றாக்குறை. மேனேஜர் ட்ரெலோர், வாட்ச்மேனின் ரத்தத்தைக் கொராடோ பெயரில் ஐந்து தடவை சோதனைக்கு அனுப்பினார். "உனக்கு உடம்புல ஓடுறது ரத்தமாய்யா, தங்கம்யா! இன்னும் பத்து வருஷம் நிக்கலாம்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். இவரும் நம்பினார். பப்பில் பீர் கிளாஸ் கையிலிருந்து நழுவும். "என்னப்பா கொராடோ, கிளாஸ் கனக்குதா? நாங்க வேணா ஊட்டிவிடவா?" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். கடைசியில் வலிப்பு வந்து, என் பெயரே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். ரத்தத்தை மாற்றிய கதையை, அடக்கம் முடிந்த பிறகு ஆலை நர்ஸ் என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். விசாரணையில் அவள் வாயைத் திறக்கவில்லை.

ட்ரெலோர் திறந்தார். அடிலெய்டிலிருந்து வந்த அரசு அதிகாரிகளிடம், "அவரு கை கழுவாமச் சாப்பிடுவாருங்க. எத்தனை தடவை சொல்றது? காதுலயே வாங்க மாட்டாரு" என்றார். கொராடோ நகக்கண்ணைக்கூட பிரஷ் போட்டுத் தேய்க்கிறவர், சார்ஜன்ட்.

ட்ரெலோரின் கோட் வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் வரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுவேன். பிறகு உலைக்காரர்களின் உடுப்பிலிருந்து தட்டியெடுத்த தூசியை அதில் தேய்ப்பேன். சாம்பல் நிறக் கோட், கண்ணுக்குத் தெரியாது. பதினான்கு மாதம் செய்தேன்.

"நுன்ஸியா, உன் கை பட்டா கோட் புதுசாயிடுது" என்பார்.

"உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்பேன்.

அவர் நன்றாகத்தான் நடமாடுகிறார். அவருடைய இரண்டு வயது மகள்தான் பேசிக்கொண்டிருந்த பேச்சையும் மறந்துவிட்டாள். இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வீட்டில் குழந்தை இருப்பது தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வாராவாரம் இடது தோளில் பால் கறை இருக்கும். தூங்கும் குழந்தையின் எச்சில் காய்ந்திருக்கும். அதைச் சோப்புப் போட்டு எடுத்ததே நான்தான். எடுத்த இடத்தில்தான் தூசியைத் தேய்த்தேன்; வேறெங்கும் இல்லை.

ஆனால் குழந்தையை நான் ஒன்றும் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆலையிலிருந்து வருகிற மனுஷன் கோட்டைக் கழற்றிவிட்டல்லவா பிள்ளையைத் தூக்க வேண்டும்? பெற்ற தகப்பனுக்கு அந்தக் கவனம் இருக்க வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.