திருவோணத்தன்று திரும்பக் கேட்ட ரிப்போர்ட்

"ஹலோ... வெங்கடசுப்ரமணியன் சாரா? பொன்னம்மை பேசுதேன், ஆபீஸ்லேர்ந்து. ஆஸ்பத்திரிக்கு அனுப்பின ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்குங்க சார்."

கிளையண்டுக்குப் போனதைத் திரும்பக் கேட்கவே கூடாது என்று, வேலையில் சேர்ந்த அன்றே டீமில் மூத்தவளான ஷிஜா சேச்சி அவளுக்குச் சொல்லியிருந்தாள். மேனேஜரிடமே கேட்டுவிட்டாள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், அந்த சாஃப்ட்வேர் ஆபீஸின் மூன்றாம் மாடியில் அவளையும் ஏசியின் இரைச்சலையும் தவிர வேறு யாருமில்லை.

"...ஆமா, ஆமா, தெரியும் சார். இலை போட்டாச்சு, விருந்தாளி வந்திருக்காங்க... ரெண்டே நிமிஷம். பாயசம் எங்கயும் ஓடிராது.

...ஆஸ்பத்திரி டோக்கன் சாஃப்ட்வேருக்கு நாம எடுத்த வேக டெஸ்ட் இருக்குல்லா, அந்த ரிசல்ட் தப்பு சார். கரண்ட் போயி டெஸ்ட் மெஷின் நின்னுபோச்சு. டேட்டாபேஸைத் திரும்ப ஏத்தினேன். உள்ள காலி! ஒரு டோக்கன் இல்ல... ஆமா, டெஸ்டுக்குப் போட்ட டம்மி நோயாளிதான், அழிஞ்சா அழியட்டும். ஏன் அழிஞ்சுதுன்னு கேளுங்க. டிஸ்க்கிலயே எழுதல! எல்லாம் கரண்ட் போனா அழிஞ்சுபோற மெமரியில கிடந்திருக்கு. டெவலப்பருங்க சும்மா சீக்கிரம் ஓட்டிப் பாக்க வச்சிருந்த செட்டிங். நம்ம டீம் ராகேஷ் அதையே டெஸ்ட் மெஷின்லயும் ஏத்திவிட்டுட்டான், நானும் பாக்காம ஓட்டிட்டேன். ரிப்போர்ட்ல போட்ட அந்தப் பறக்குற வேகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பம் தெரியுதா? பேப்பர்ல ஒரு வரி எழுதாம, மனசுக்குள்ளயே பதில் சொல்லி முதல் மார்க் வாங்கின பரீட்சை சார் இது.

...சின்ன விஷயமா? திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரியில இது ஓடத் தொடங்கும்போது வரிசையில நிக்கப்போறது டம்மி இல்ல சார். பிள்ளையத் தூக்கிட்டு நிப்பாங்க. கவுண்டர்ல ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும்.

...என்ன சொன்னீங்க? ... ம். ... ம். ... நீங்கதான் சார் வேலை வாங்கிக் கொடுத்தீங்க, இல்லன்னு சொல்லல. அப்பா ஆரியசாலைச் சந்தையில மூட்டை இறக்குததையும் இதையும் எதுக்கு முடிச்சுப் போடுதீங்க? அவரு கூட மூட்டைக்குள்ள என்ன சரக்குன்னு பொய் சொல்ல மாட்டாரு.

...ஆமா, தனியாத்தான் இருக்கேன். பின்ன? 'தமிழ்ப்பிள்ளைக்கு என்ன ஓணம்'னு டூட்டி போட்டது யாரு? நீங்களும் தமிழ்தான் சார்... சாப்பிடல. கேண்டீன் பூட்டிக் கிடக்கு, ஹாஸ்டல்லயும் ஆளில்ல... வேண்டாம், ஒண்ணும் கொடுத்துவிட வேண்டாம். காலையிலேர்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். அதுவும் இப்பம், திட்டுததுக்கு..."

குரல் இறங்கிப்போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் நேற்று ஓணத்துக்காக ஆபீஸில் போட்ட அத்தப்பூக்கோலம் சுருங்கிக் கிடந்தது. விடியலில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தவள் பொன்னம்மைதான். எல்லோரும் சுற்றி நின்ற படத்தில் அவள் இல்லை. எடுத்துக் கொடுத்தவள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"...இருக்கேன் சார், லைன்லதான் இருக்கேன். நாளைக்கா? நாளைக்குப் பேச ஒண்ணுமில்ல. டிஸ்க்கில வச்சு திரும்ப ஓட்டிட்டேன். பாதி டோக்கன் விழவே இல்ல. அந்த ரிசல்ட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு... ஆமா. அனுப்பியாச்சு. உங்களக் கூப்பிடுததுக்கு முந்தியே. பழசை நீங்களே திரும்ப வாங்கினா உங்களுக்கு மரியாதையா இருக்குமேன்னு கேட்டேன், அவ்வளவுதான்.

...கத்தாதீங்க சார், விருந்தாளிக்குக் கேக்கும்.

...அங்கேயே இருக்கணுமா? நீங்க வாரீங்களா? இலையில உக்காந்தவரு எந்திரிக்காதீங்க.

...அதுவா? கதவுச் சத்தம். ஆமா, வெளியிலதான் நிக்கேன்... இல்ல சார், திரும்ப உள்ள போக முடியாது. தானா பூட்டிக்கிடும்லா. கதவு திறக்குத என் ஆபீஸ் கார்டு உள்ள கிடக்கு, உங்க மேசையில. நானே வச்சதுதான்."

அழைப்பைத் துண்டித்துவிட்டுப் படியிறங்கினாள்.