ராமர் கொண்டுவந்த சாவுச் செய்தி குறித்து வேதவதி சொன்னது

என் பெயர் வேதவதி. வயது பதினைந்து. தகப்பனார் பெயர் அழகியமணவாளாசாரியார். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து பிரியும் சந்தில், வேதாந்தபோதினி சமஸ்கிருத கலாசாலைக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் படிக்கிறேன். என் தகப்பனார் அந்தக் கலாசாலையின் தலைவர். அங்கே தர்க்கமும் போதிக்கிறார். என் தலைமை ஆசிரியை பாக்கியமேரி அம்மாள் முன்னிலையில், சப் இன்ஸ்பெக்டர் அற்புதசாமி அவர்கள் கேட்க, நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கலாசாலையைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வதாவது. நான்கு வருஷங்களுக்கு முன் முதல் வகுப்பில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். அவர்களில் ஒருவர் டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளத் தெப்பக்குளம் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. இரண்டு பேர் பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா வேலைக்குப் போனார்கள். ஒருவர் குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்துக்கொண்டதால் கோயிலில் பிரபந்தம் சொல்லும் கோஷ்டியில் உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டார். இப்படியே குறைந்து, கடைசி வகுப்புக்கு வந்தவர்கள் ஐந்து பேர். என் தகப்பனார் மண்ணச்சநல்லூர், லால்குடி என்று ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் நடந்து போய்த் திரும்ப அனுப்பும்படி கேட்டார். யாரும் அனுப்பவில்லை. போன வருஷம் சர்வகலாசாலையிலிருந்து வந்த கமிட்டியார், சேருகிறவர்கள் பலர், தேறுகிறவர்கள் இல்லை என்றும், இந்த வருஷம் ஐந்து பேராவது கடைசிப் பரீட்சை எழுதாவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஐந்தாவது பையன் வீரராகவன். கொள்ளிடத்துக்கு வடகரையில் கீழநெற்குப்பம் அவர் ஊர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தாயார் இல்லை. அவருடைய தகப்பனார் நெடுநாளாகப் படுக்கையில் இருந்ததால், வீரராகவனும் படிப்பை விட்டு ஊருக்குப் போய்விடுவார் என்று எல்லோரும் பயந்தார்கள். மற்றப் பையன்கள் அவரைக் கேலி செய்வது எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்கும். "டேய் அஞ்சாமவனே, வெயில்ல நிக்காதேடா. உனக்கு ஜுரம் வந்தா கலாசாலைக்கே ஜுரம்" என்பார்கள். தளிகை செய்யும் ரங்கம்மா மாமி அவருக்கு மட்டும் நெய் அதிகம் விடுவார். ஏன் என்று மற்றவர்கள் கேட்டால், "அவன் திடமா இருந்தாத்தான் எனக்கு இங்கே அடுப்பு எரியும்" என்பார்.

1938 மார்ச் 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்ததைக் கேட்டதற்குச் சொல்வதாவது. அன்று பங்குனி உற்சவத்தில் பெருமாள் புறப்பாடு இருந்ததால் சந்தில் ஒருவரும் இல்லை. பையன்களும் கோஷ்டிக்குப் போயிருந்தார்கள். தகப்பனார் மட்டும் தொண்டை கட்டியிருந்ததால் போகவில்லை. நான் வாசகசாலையில் புஸ்தகம் மாற்றிக்கொண்டு வந்தபோது, சந்து திரும்பும் இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். முழங்கால் வரை கொள்ளிடத்து மணல் ஒட்டியிருந்தது. உள்ளே வரக்கூடாதவர் என்பதால் அங்கிருந்தே கூப்பிட்டிருக்கிறார். கேட்க ஆள் இல்லை. என்னைக் கண்டதும் இன்னும் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, "பாப்பா, நான் கீழநெற்குப்பத்து ராமருங்க. பெரியசாமி தவறிட்டாங்க. சின்னசாமியைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க" என்றார். பெரியசாமி என்றது வீரராகவனின் தகப்பனாரை, சின்னசாமி என்றது வீரராகவனை. நான், "இருங்கள், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லி உள்ளே ஓடினேன்.

அதன் பிறகு தகப்பனார் சந்து முனைக்கு வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ராமர் அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னார். தகப்பனார், "எப்போ?" என்று கேட்டார். "இன்னிக்கு உச்சிக்குச் சாமி. அவங்க வந்துதான் எடுக்கணும்னு வச்சிருக்காங்க." தகப்பனார் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "நீ முன்னாடி போ. கோஷ்டி முடிஞ்சதும் நான் சொல்லி அனுப்பறேன்" என்றார். ராமர் கும்பிட்டுவிட்டுப் போனார். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

அதன் பிறகு கோஷ்டி முடிந்து பையன்கள் திரும்பினார்கள். சாப்பாடு ஆனபின் தகப்பனார் வீட்டுக்கு வந்தார். "வீரராகவனிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன். "சொல்லியாச்சு" என்றார். மறுநாள் சனிக்கிழமை காலையில் வீரராகவன் கிணற்றடியில் வேஷ்டி துவைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு தகப்பனாரிடம் மறுபடியும் கேட்டேன். "திங்கட்கிழமை பரீட்சை. சித்தப்பா இருக்கார், அவர் பண்ணிடுவார், நான் எழுதிட்டுப் போறேன்னு அவனே சொல்லிட்டான். அவன்கிட்ட இதைப் பத்தி ஒருத்தரும் பேசப்படாது, மனசு உடைஞ்சு போயிடும்" என்றார். நான் நம்பினேன். ஒரு மாணாக்கருக்கு இவ்வளவு மன உறுதி இருக்குமா என்று ஆச்சரியப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஐந்து பேரும் திருச்சிராப்பள்ளி டவுனில் தங்கிப் பரீட்சை எழுதுவதற்குப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் கலாசாலைச் சன்னிதியில் எல்லோரும் சேவித்தோம். பெருமாளுக்குத் திருவாராதனம் செய்து தீர்த்தம் கொடுப்பது மாணாக்கர்களின் முறை. அன்று முறை வீரராகவனுடையது. சாவுத் தீட்டு உள்ளவர் பெருமாளைத் தொடமாட்டார் என்பது குழந்தைக்கும் தெரியும். வீரராகவன் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, வட்டிலை எடுத்துத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டே வந்தார். தகப்பனார் கையை நீட்டினார். தீர்த்தத்தை வாங்கினார். வாயருகே கொண்டு போனார். அதன் பிறகு விரல்களைத் தளர்த்தினார். தீர்த்தம் முழுவதும் தரையில் விழுந்தது. ஒரு சொட்டு கீழே சிந்தினாலும் எங்களைக் கோபித்துக்கொள்கிறவர் அவர். நான் அடுத்தாற்போல் நின்றதால் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. வீரராகவன் என்னிடம் வந்து, "ஆசீர்வாதம் பண்ணு வேதா, அஞ்சாமவன் தேறணும்னு" என்று சிரித்தார். அப்போதுதான் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் வாயெடுப்பதற்குள் தகப்பனார், "நாழியாறது, வண்டியில ஏறுங்கோ" என்று எல்லோரையும் அனுப்பி, தாமும் ஏறிக்கொண்டார். ஜட்கா போய்விட்டது. நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சன்னிதித் தரையைத் தாமே துடைத்தார்.

அதன் பிறகு வியாழக்கிழமை பரீட்சை முடிந்தது. வீரராகவன் ஸ்ரீரங்கத்துக்கு வராமல் டவுனிலிருந்தே ஊருக்குப் போய்விட்டதாகவும், தம் தகப்பனாருக்கென்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனதாகவும் மற்றப் பையன்கள் சொன்னார்கள்.

மார்ச் 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில், பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து வீரராகவன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தலையும் முகமும் மழித்திருந்ததால் முதலில் யாரென்று தெரியவில்லை. உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்றார். தகப்பனார் வெளியே போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

வீரராகவன், "ஸ்வாமி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அன்னிக்கு ராமர்னு எங்க ஆள் இங்கே வந்தானா?" என்றார். வீரராகவன் மேலும் சொன்னதாவது: "வந்து சொன்னேன்னு அவன் சொல்றான். சனிக்கிழமை உச்சி வரைக்கும் வச்சுண்டு காத்திருந்தாளாம். நான் வரலைன்னதும் சித்தப்பா வரதாசாரிக்குக் கோபம். வழியில கள்ளுக்கடையில உக்காந்துட்டு வந்து பொய் சொல்றியான்னு தென்னமரத்துல கட்டிவச்சு ஆள் விட்டு அடிச்சிருக்கார். ரெண்டு கையும் ஒடிஞ்சு போயிடுத்து. புத்தூர் ஆஸ்பத்திரியில கெடக்கான். அவன் பெண்டாட்டியையும் குடிசையை விட்டுத் துரத்திட்டா. அவன் சொல்றது பொய்யா, ஸ்வாமி?"

தகப்பனார், "யாரும் வரலை" என்றார்.

நான் கதவைத் திறந்துகொண்டு வந்து, "வந்தாரே அப்பா. நான்தானே உங்களைக் கூட்டிண்டு போனேன்" என்றேன். தகப்பனார், "உள்ளே போ" என்றார். நான் போகவில்லை. வீரராகவன் என்னையும் அவரையும் பார்த்தார். பிறகு தகப்பனாரை அன்றுவரை செய்தது போலவே தெருவில் விழுந்து சேவித்துவிட்டுப் போய்விட்டார். அவர்தான் போலீசில் மனுக் கொடுத்ததாக இப்போது அறிகிறேன்.

அதன் பிறகு அம்மா என்னிடம், "நீ சொன்னா கலாசாலையை மூடிடுவா. கீழ் வகுப்புல இருக்கற குழந்தைகள் எங்கேடி போகும்? ரங்கம்மா எங்கே போவா?" என்று கேட்டார். நான், "ராமர் எங்கே போவார்?" என்று கேட்டேன்.

நேற்று சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் என்னையும் தலைமை ஆசிரியையையும் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரே வரிசையில் படுத்திருந்தவர்களில் ராமரை அடையாளம் காட்டினேன். இரண்டு கைகளிலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சாய்ந்துவிட்டார். சப் இன்ஸ்பெக்டர், "இந்தப் பொண்ணைத் தெரியுதா?" என்று கேட்டதற்கு, "தெரியாம என்னங்க. என்னைய 'இருங்க'ன்னு சொன்ன பாப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சின்னசாமி பத்தாம் நாளுக்காச்சும் வந்து சேந்தாங்களா பாப்பா? இங்க யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று கேட்டார். வந்து சேர்ந்தார் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தம்மை அடித்ததைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

என் தகப்பனாருக்கு இதில் சொந்த ஆதாயம் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அவர் கலாசாலையிலிருந்து சம்பளம் எடுத்துக்கொள்வதில்லை. கலாசாலைக்காகவே செய்தார். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். மேலும், ராமரை இதில் இரண்டு இடங்களில் "மேற்படி பண்ணையாள்" என்று எழுதியிருந்ததை மாற்றிப் பெயரைப் போடும்படி கேட்டேன், மாற்றப்பட்டது.

யாராவது உன்னை மிரட்டினார்களா, சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டதற்குச் சொல்வதாவது. மிரட்டவில்லை. இன்று காலை நான் புறப்படும்போது தகப்பனார் என்னைக் கூப்பிட்டு, "பொய் சொல்லுன்னு நான் சொல்லலை. ஞாபகம் இல்லேன்னு மட்டும் சொல்லு. மறதி பொய் ஆகாது. அதை யாரும் நிரூபிக்கவும் முடியாது" என்றார். அவர் தர்க்கம் போதிக்கிறவர். அவர் சொன்னதில் பிழை காண எனக்குத் தெரியவில்லை. அவரைச் சேவித்துவிட்டு வந்தேன். கோர்ட்டில் அவர் எதிரில் நிற்கும்போதும் இதையே சொல்வாயா என்று கேட்டதற்கு, சொல்வேன் என்கிறேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதில் கண்டவை நான் நேரில் பார்த்ததும் என் காதால் கேட்டதும் ஆகும். படித்துக் காட்டக் கேட்டேன். நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) அ. வேதவதி
ஸ்ரீரங்கம், 29 மார்ச் 1938