பச்சை மண் முகம்

ஏட்டு எழுதிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் கோபம் இல்லை ஐயா. அவருடைய எழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆப்கானிஸ்தானத்து மலைச்சரிவு ஒன்றில் ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்னால் செய்த போதிசத்துவர் தலையை, ‘ஒரு சாண் உயரமுள்ள பொம்மை’ என்று எழுதிவிட்டார். திருத்தச் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதானய்யா” என்றார். ஆகவே நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் அய்யாத்துரை. தேனியில் பழ மண்டி வைத்திருக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டியில் நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை. மற்ற நேரத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், ஆப்கன் தொல்செல்வங்களைப் பற்றிப் படம் போட்டுப் பேசுகிறேன். பாமியான் புத்தர்களை வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்தபோது பிடித்த பைத்தியம் இது. கம்பத்துக்காரனுக்கு ஆப்கானிஸ்தான் எதற்கு என்று கேலி பேசாத ஆள் இல்லை. எங்கோ யாரோ உடைக்கிறார்கள், நமக்கென்ன என்று எல்லாரும் இருந்ததால்தான் உடைத்தார்கள் என்று பதில் சொல்வேன். பதினொரு வருடத்தில் நாற்பத்தாறு பள்ளிக்கூடம் முடித்திருக்கிறேன்.

அந்தத் தலையை மும்பையில் ஒருவர் மூலமாக வாங்கினேன். நீங்கள் கடத்தல் பொருள் என்கிறீர்கள், நான் மீட்டது என்கிறேன். அங்கேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அது கல் இல்லை. பச்சை மண்ணில் வைக்கோலும் குதிரை மயிரும் சேர்த்துப் பிசைந்து, சூளையில் வைக்காமல் அப்படியே உலர்த்தி வர்ணம் தீட்டியது. பாதி மூடிய கண். இடது காதோரம் மட்டும் துளி நீலம் மிச்சமிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வீட்டில் வைக்க வழியில்லை. “ஏங்க, விக்கிரகம் வீட்டுக்குள்ள வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பிருவேன்” என்றாள் என் மனைவி ஜாய்ஸ். எங்களுடையது ஜெபம் பண்ணுகிற குடும்பம். நானும் சிலையைக் கும்பிடுகிறவன் இல்லை. மண்ணையும் கல்லையும் சாமியாக்கி, அதற்காக மனிதர்கள் வெறிகொள்வது எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. அதனால் தோட்டத்து மோட்டார் ரூமில் ஓர் இரும்புப் பீரோ வாங்கிப் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு அதற்குள் வைத்தேன். கூட்டித் துடைக்க வேண்டுமே என்று பவுனுவிடமும் ரூமுக்கும் பீரோவுக்கும் சாவி கொடுத்திருந்தேன்.

பவுனு என் தோட்டத்தில் எட்டு வருடமாக வேலை பார்த்தவள். புருஷன் இல்லை. ஒரே மகள் திரிஷா கம்பத்தில் பத்தாவது படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் பீரோவைத் திறந்தால், போதிசத்துவர் நெற்றியில் குங்குமம் இருந்தது.

“ஏத்தா, இது ஒன் வேலையா?”

“நம்ம முனியாண்டிதான மொதலாளி. கண்ண மூடித் தவத்துல இருக்காக. வெறும் நெத்தியா விட்டு வைக்கலாமா?”

நான் திட்டவில்லை. அவளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். மன்னர்கள், மடங்கள், பட்டு வணிகர்கள், கடைசியில் வெடிமருந்து. வாயைப் பிளந்து கேட்டாள். நாற்பத்தாறு பள்ளிக்கூடத்தில் ஒருவர்கூட என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. முடிவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பாவம், உசுருக்குப் பயந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. வந்த எடத்துலயும் ஒரு செம்புத் தண்ணி ஊத்த நாதி இல்லையே.”

அத்தனையும் சொன்ன நான், தண்ணீர் பட்டால் அது கரைந்துவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. படித்தவர்கள் மத்தியில் அதைச் சொல்லத் தேவைப்பட்டதில்லை.

அதற்கடுத்த வாரம் திரிஷாவுக்கு டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. மகள் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகிற அன்றைக்கே பாலாபிஷேகம் செய்வதாகப் பவுனு என் போதிசத்துவரிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். அந்த நாள் வெள்ளிக்கிழமை. கொடிகளைக் கவாத்து வெட்டி முடிந்து தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பதினொன்றரைக்கு நான் போனபோது, கிணற்று விளிம்பில் பழப்பெட்டியைக் கவிழ்த்து, வாழையிலை விரித்து, அதன்மேல் தலையை வைத்திருந்தாள். ஒரு செம்புப் பாலை ஊற்றிவிட்டு அடுத்ததைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்த் தலையை அப்படியே வாரி எடுத்தேன். என் முழங்கை அவள் தோளில் பட்டது. தள்ளினேன் என்று ஏட்டு எழுதியிருக்கிறார். பட்டது என்பதே சரி. அவள் கிணற்றுக்குள் விழுந்தாள். படிகள் இடிந்துபோன கிணறு. மோட்டார் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “மொதலாளி, கயித்தப் போடுங்க” என்றாள்.

அதற்குள் போதிசத்துவரின் வலது கன்னம் இளகி இறங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு கையாலும் ஏந்தினால்தான் நிற்கும். கயிறு போட எனக்கு மூன்றாவது கையா இருக்கிறது? ரூமுக்குள் கொண்டுபோய்ப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. முதலில் பலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “சாமிக்கு ஒண்ணும் ஆகலையில்ல மொதலாளி?” என்று ஒரு தடவை கேட்டாள். என் காதில் விழுந்தது. பேசினால் மூச்சின் ஈரம் வர்ணத்தில் படுமே என்று பதில் சொல்லவில்லை.

கன்னம் இளகுவது நின்றுவிட்டது. இப்போது என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. கயிறு எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கியது. நிதானமாக யோசித்தேன். அவள் மேலே வந்தால் நடந்ததைச் சொல்வாள். ஊரே பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும். பின்னால் நீங்கள் வருவீர்கள். உங்கள் ஆட்கள் தலையைச் சாக்கில் கட்டி ஏதாவது ஒழுகுகிற கூரைக்கடியில் போட்டுவிடுவார்கள். பவுனு நல்லவள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பவுனுவைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த முகம் உலகத்துக்கே ஒன்றுதான். கயிற்றைக் கழற்றிச் சுருட்டி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். கயிறு ஏன் பீரோவில் இருந்தது என்று மூன்று முறை கேட்டீர்கள் அல்லவா, இதுதான் காரணம். நான் வண்டியைக் கிளப்பும்போது அவள் உயிரோடுதான் இருந்தாள். முனகுவது கேட்டது.

மூன்று மணிக்குக் கம்பத்தில் நாற்பத்தேழாவது பள்ளிக்கூடம். பிள்ளைகள் காத்திருப்பார்களே என்று போனேன். பேசி முடித்து, வழக்கம்போல உறுதிமொழி எடுக்க வைத்தேன். ‘கண் முன்னால் ஒன்று அழியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டோம்.’ இருநூறு பிள்ளைகள் கையை நீட்டிச் சொன்னார்கள். முன்வரிசையில் திரிஷா நின்றாள். காய்ச்சலில் பாதியாக இளைத்திருந்தாள், ஆனாலும் எல்லாரையும்விட அவள் குரல்தான் உரக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா. பதினொரு வருட உழைப்பு வீண்போகவில்லை.