புளி போட்டு விளக்கிய ரோபோ

ஆயுத பூசை முடிந்த வாரம், நாமக்கல்லில் இருந்து சேலம் போகிற பஸ். முன் சீட்டில் இருந்த லாரி பெயிண்டர் பக்கத்துக்காரரிடம் சொன்னார்:

“இனிமே ரோபோவப் புளி போட்டு விளக்கக் கூடாதுன்னு ஊட்டுல சொல்லிப்போடுங்க.”

“சொல்லாம இருப்பனுங்களா? மாமன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த பொம்மைங்க. அந்த ஜப்பான் ரோபோப் படம் வீடியோவுல ஓடுனா நான் சோத்தையே மறந்துருவேன். ஊட்டுக்காரி என்னடான்னா, இரும்புச் சாமான்னு பூசைக்குக் குத்துவிளக்கோட சேத்துத் தேச்சுட்டா. நெஞ்சுச் சிவப்பு பூராப் போயிருச்சு.”

பெயிண்டர் மஞ்சப்பையில் இருந்து ஒரு சாண் உயர ரோபோவை எடுத்தார். நெஞ்சில் புதுச் சிவப்பு பளபளத்தது.

“அசலாட்டமே இருக்குதுங்க!” என்றவர் அதைத் திருப்பினார். முதுகில் மஞ்சள் எழுத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்று இருந்தது.

பெயிண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “லாரிக்கு எழுதியே பழகுன கையுங்க. என்னையறியாம எழுதிப்போட்டனுங்க.”

பஸ் ராசிபுரம் தாண்டியதும் பெயிண்டரே கேட்டார்:

“அழிச்சுத் தரட்டுங்களா?”

“வேண்டாமுங்க. வண்டி நம்பர் உட்டுப்போச்சு பாருங்க, அதையும் எழுதிக் குடுத்துருங்க.”