நாலு ஒன்பது

சொல்றேன் மேடம், விசாரணைன்னு வந்திருக்கீங்க, எழுதிக்கங்க. ஆனா ஒண்ணு, நாலு ஒன்பதைப் போட்டது மாப்பிள்ளைதான்ங்கிற இந்தக் கதைய நானே பல வருஷமா முழுசா நம்பலை. மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி வீட்டுக்காரர். பக்கத்து மேஜை. இன்னிக்கு லீவு. சேச்சே, ஓடியெல்லாம் போகலை.

ஆரம்பத்துலேர்ந்தா? சரி. குடிதண்ணி இணைப்புக்கு நோட்டீஸ் அடிக்கிற ஆபீஸ் இது. அடிக்கிற சாஃப்ட்வேர் சும்மா கெடைக்கிறது. எங்கெங்கேயோ இருக்கற புண்ணியவானுங்க எழுதி, உள்ள இருக்கறதையெல்லாம் தொறந்தே வச்சிருக்காங்க. புடிக்கலையா, எடுத்துத் திருத்தி நாமளே திரும்பக் கட்டிக்கலாம். அதுல ஒரு கோளாறு, பேரு நீளமா இருந்தா பின்பாதிய முழுங்கிடும். ஒரு பெரியவர் நோட்டீஸை மேஜையில வீசி, பாதி ஆளுக்குத்தானே அனுப்பிருக்கீங்க, பாதித் தண்ணி விட்டாப் போதும்னுட்டுப் போனார்.

ஒரே வரிதான் திருத்தம். திருத்தி, கட்டி, மிஷின்ல ஏத்தியாச்சு. அடுத்த வாரமே தானா வர்ற அப்டேட் வந்து, நம்மளுதைத் தூக்கிட்டு அவங்களுதை உக்கார வச்சிடுச்சு. பழையபடி முழுங்கல். மிஷினுக்கு என்ன தெரியும்? எந்த வெர்ஷன் நம்பர் பெருசோ அதுதான் புதுசு. அதோட அறிவு அவ்வளவுதான்.

முறைப்படி என்ன செய்யணும்? அப்போ இருந்தது நாலு புள்ளி ரெண்டு. அதுக்குப் பின்னாடி ஒரு சின்ன வாலை ஒட்டணும். இருக்கறதைவிட ஒரு துளி பெருசு, அடுத்து வர்றதைவிடச் சின்னது. அப்பத்தான் நாலு புள்ளி மூணு வந்தா நம்மளுது மரியாதையா எந்திரிச்சு எடம் விடும். திருத்தின வரிய அவங்களுக்கும் அனுப்பியிருந்தா மூணுல அதுவும் சேந்தே வந்திருக்கும். வாலும் ஒட்டலை, அனுப்பவும் இல்லை. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதுன்னு போட்டாச்சு.

சிரிக்காதீங்க. பன்னெண்டு வருஷம் ஒரு அப்டேட் கிட்ட வரலை. அஞ்சு வந்துச்சு, ஆறு வந்துச்சு, மிஷின் ஏறெடுத்துப் பாக்கலை. நடுவுல உங்க தலைமை ஆபீஸ் தணிக்கைக்கு வந்து, நம்பரைப் பாத்துட்டு, எல்லாக் கிளையிலயும் நாங்கதான் முன்னாடி இருக்கோம்னு கேடயம் குடுத்துச்சு. உங்க தலைக்கு மேலதான் மாட்டியிருக்கு. மத்த கிளைக்கெல்லாம் சர்க்குலர், ஆறு மாசத்துக்குள்ள எல்லாரும் அந்த நம்பருக்கு மாறணும்னு. பயந்துபோன ஒரு கிளை, சாஃப்ட்வேர் எழுதினவங்களுக்கே கடுதாசி போட்டுருக்கு. அவங்க பாவம், நாங்க இன்னும் அங்க வந்து சேரலையேன்னு பதில் போட்டாங்க.

கேடயம் வாங்கினது மாப்பிள்ளை. நம்பர் போட்டதே நாந்தான்னு மேடையிலயே சொன்னார். அப்புறம் கல்யாண வீடு, பஸ்ஸு, சலூனு, ஒரு எடம் விடலை. ஒவ்வொரு தடவையும் கதை ஒரு சுத்து பெருக்கும். கேட்டுக் கேட்டு எனக்கே கொழம்பிப் போச்சு, அன்னிக்கு நான் இந்த ரூம்ல இருந்தேனா இல்லையான்னு.

ஓட்டையா? வெளியாளு உள்ள பூர்ற மாதிரி சாஃப்ட்வேர்ல இருந்ததுதானே, அதை அவங்க ஆறுலயே அடைச்சுட்டாங்க. நம்ம மிஷின்தான் ஆறை உள்ள விடலையே. போன மாசம் எவனோ அது வழியா பூந்து, முந்நூறு நோட்டீஸ்லயும் எங்க மேனேஜர் பேரைப் போட்டுட்டான். எனக்குத் தெரியாம முந்நூறு வீடு எப்ப வாங்கினீங்கன்னு அவர் சம்சாரம் இங்கயே வந்து நிக்குது.

இல்ல மேடம், மிஷின்ல தேடினா பேரு கெடைக்காது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே லாகின். அதனாலதானே என்னைக் கூப்புட்டு ஒக்கார வச்சிருக்கீங்க. நான் சொல்ற பேருக்கு வேலை போகும், தெரியும். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு. மாப்பிள்ளைக்குப் பதினோரு வருஷம். நேத்து சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். யோசிக்காதீங்க, போட்டது நாந்தானே, ஏம் பேரைக் குடுத்துருங்கன்னார். தங்கச்சி கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

ஏம் பேரையே எழுதிக்கங்க. நம்பரை அடிச்சது நாந்தான், அப்போ அவர் டீ குடிக்கப் போயிருந்தார். இத்தனை வருஷம் கேக்காததை நேத்துதான் அவர்கிட்ட கேட்டேன். மாப்ளே, மேடையில சொன்னது பெருமைக்கு, சரி. இப்பவும் அதையே சொல்றீங்களே, நீங்கதான் போட்டீங்கன்னு நெஜமாவே நம்பிட்டீங்களா, இல்ல என்னைக் காப்பாத்துறீங்களா?