கார் ஷெட்டில் மூன்று முட்டைகள்

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் கார் ஷெட்டில் நல்ல காற்று வரும். பழைய மாருதியின் முன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, கார்க் கதவைத் திறந்து காலை வெளியே நீட்டிக்கொண்டால், பாளையங்கோட்டை வெயில் வேறு யாருக்கோ அடிப்பது போல இருக்கும். பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் ஒரு கரண்டு கெட்டில், அடிக்கடி வெந்நீர் குடிக்கும்படி டாக்டர் சொல்லியிருப்பதால். வீட்டில் எனக்கென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

இதை எழுத்தில் தரச் சொன்னவள் என் மனைவி ஞானம்பாள். வாயால் சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேனாம். நியாயமான சந்தேகம். கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தைப் படித்துக் கட்டிவைத்திருக்கிறேன். அவசரப்படுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் அதனதன் இடத்தில் வரும்.

போன தை மாதம் என் மைத்துனன் மகேஸ்வரன் ஷெட்டுக்குள் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்தான். கணக்கு வாத்தியார். வீட்டிலேயே நடத்தும் டியூஷனுக்கு இடம் போதவில்லையாம்.

"அத்தான், காரை வித்துட்டா இங்கன நாப்பது பேரு தாராளமா உக்காரலாம். நீங்க எப்பவும் சும்மாதான படுத்துக் கெடக்கீங்க?" என்றான்.

"நல்ல யோசனைலே மகேசு" என்று ஞானம்பாள் சொல்லிவிட்டாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மறு வாரமே ஒரு ஜோடிக் கொண்டைக்குருவி ஷெட்டின் டியூப்லைட் பட்டைக்கு மேல் கூடு கட்டியது. அதை நான் வரவழைக்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்தேன். தேங்காய் நார் கொஞ்சம் பிய்த்துப் போட்டேன். அவ்வளவுதான். மூன்று முட்டை இட்டது.

அந்தச் சமயம் எங்கள் மகள் சங்கரி வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஞானம்பாள் கூட்டைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல கூட்டக் கலைக்கப்படாது. குஞ்சு பறக்குற வரைக்கும் ஷெட்ட ஒருத்தரும் தொடாதீங்க."

"அதுக்கென்னக்கா, பறந்ததும் ஆரம்பிச்சுக்கிடுதேன்" என்றான் மகேஸ்வரன்.

ஆள் கூடினால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும், ஆகவே நான் மட்டும் உள்ளே இருந்து கவனித்துக்கொள்கிறேன் என்றேன். எல்லோரும் மெச்சினார்கள்.

ஆனால் குருவிகளுக்கு என் கஷ்டம் புரியவில்லை. பதினான்கே நாளில் பொரித்து, இன்னொரு பதினான்கு நாளில் பறந்துவிட்டன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சங்கரி தினமும் காலையில், "அப்பா, முட்டைய போட்டோ எடுத்துக் காட்டுங்க" என்பாள். ஸ்டூலில் ஏற முடியாத நிலைமை அவளுக்கு. முதல் நாள் எடுத்த போட்டோவையே ஒரு மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள், "எல்லாம் ஒண்ணுபோலயே இருக்கே?" என்று கேட்டுவிட்டாள். பிள்ளையை ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது. புதுப் போட்டோ எடுப்பதென்று முடிவு செய்தேன்.

டவுண் பஸ் ஏறி மேலப்பாளையம் போனேன். மீரா முகைதீன் அங்கே காடை வளர்த்து விற்கிறார். அறுபத்து மூன்று வயதில், ஒரு சைவ வேளாளன், வாழ்க்கையில் முதல் முறையாக முட்டைக் கடை வாசலில் நின்றேன். வியர்த்துவிட்டது.

"அவிச்சதா, பச்சையா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கூட்டுல வைக்கதுக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பச்சையாகவே மூன்று கொடுத்தார்.

காடை முட்டை கொண்டைக்குருவி முட்டையைவிடப் பெரிது. வேறு எந்த வீட்டிலும் அன்றே பிடிபட்டிருப்பேன். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக முட்டை என்ற பொருள் வாசல்படி தாண்டியதில்லை. "முந்தி சிறுசா இருந்துச்சு, இப்பம் பெருசா இருக்கே?" என்று சங்கரி கேட்டாள். "உள்ள குஞ்சு வளருதுல்லா, முட்டையும் கூடவே வளரும்" என்றேன். ஞானம்பாள் தலையை ஆட்டினாள். பி.எஸ்சி. கணிதம் படித்த மகேஸ்வரனும் தலையை ஆட்டினான்.

நம் ஊர் வெக்கையில் முட்டை தாங்காது. ஆகவே திங்களும் வியாழனும் போய்ப் புது முட்டை வாங்கி மாற்றினேன். ஒரு மாதம் போனது. ஷெட்டில் காற்று நன்றாக வந்தது. "அப்பா மொகம் தெளிஞ்சிருக்கு, கன்னமெல்லாம் பூசுன மாதிரி இருக்கு" என்று சங்கரிகூடச் சொன்னாள்.

இனி வருவது எழுதக் கஷ்டமானது. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். நிறைமாதம். கண் சிவந்திருந்தது.

"அப்பா, ரெண்டு மாசமாச்சு. ஒண்ணுகூடப் பொரியலியே. எனக்கு பயமா இருக்குப்பா" என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் ஒரு மணி நேரத் தூக்கத்துக்காகப் பெற்ற பிள்ளையைப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன். நல்ல தகப்பன் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான். நானும் நல்ல தகப்பன்தான். அதனால்தான் அடுத்த பஸ்ஸிலேயே மேலப்பாளையம் போனேன்.

"இன்னைக்கு முட்டை வேண்டாம். குஞ்சா ஒரு மூணு தாங்க" என்றேன்.

"வீட்டுல விருந்தாளா அண்ணாச்சி?" என்றார் மீரா முகைதீன். அன்று காலையில் பொரித்ததை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

குருவிக்குஞ்சு கண் திறக்காமல் கூட்டிலேயே கிடக்கும். காடைக்குஞ்சு பிறந்த அன்றே ஓடும். இது எனக்குத் தெரியாது. அவர் சொல்லவுமில்லை. கூட்டில் வைத்துவிட்டு வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டேன். நான் போட்டோ எடுக்கப் போனை உயர்த்தியதும் முதல் குஞ்சு குதித்தது. மாருதியின் கூரையில் விழுந்து, கண்ணாடியில் சறுக்கி இறங்கி ஓடியது. இரண்டாவது ஞானம்பாளின் தோளில் இறங்கியது. மூன்றாவது நேரே அடுப்படிக்குள் போய்விட்டது.

"என்னங்க இது, பொறந்த அன்னைக்கே ஓடுது?" என்று ஞானம்பாள் கேட்டாள்.

"ரெண்டு மாசம் உள்ளயே இருந்துச்சுல்லா, நல்லா வளந்துட்டு" என்றேன்.

மகேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றையும் துரத்தினான். சங்கரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். இதை எனக்குச் சாதகமாகக் கருத வேண்டுகிறேன்.

மகேஸ்வரன்தான் விடவில்லை. ஒரு குஞ்சைப் படம் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் விசாரித்து மேலப்பாளையம் வரை போய்விட்டான். மீரா முகைதீன் நல்ல மனிதர், கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லியிருக்கிறார். ஆகவே கூட்டைப் பற்றிய குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஷெட்டையும் கொடுத்துவிடுகிறேன்.

ஞானம்பாளின் கேள்வி வேறு. வாரத்துக்கு இரண்டு தடவை, மும்மூன்றாக, கூட்டிலிருந்து எடுத்த பழைய முட்டைகள் எங்கே? தோட்டத்தில் தோண்டிப் பார்த்தாளாம், ஓடுகூட இல்லையாம்.

ஓடுகள் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள், ஒரு பழைய விபூதிப் பையில் இருக்கின்றன. பக்கத்திலேயே மிளகுப்பொடி டப்பா இருக்கும். முட்டையைக் கெட்டிலில் ஐந்து நிமிஷம் போட்டால் போதும். உயிர்ப்பொருளை வீணாக்குவது பாவம் என்றுதான் முதல் முட்டையைத் தின்றேன். மற்றவற்றுக்கு இப்போது காரணம் ஞாபகமில்லை. பிரதோஷ விரதத்தன்று அவள் வெந்நீர் வைத்துக் குடித்ததும் அதே கெட்டிலில்தான். ஒவ்வொரு முறையும் கழுவித்தான் வைத்தேன்.

ஒன்றை மட்டும் அவள் குறித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமையும் பிரதோஷத்தன்றும் ஒரு முட்டையைக்கூட நான் தொட்டதில்லை. எத்தனை ஆசையாக இருந்தாலும் மறுநாள் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். நாங்கள் சுத்த சைவம்.